எடை குறைவாகப் பிறந்த குழந்தையின் சிறுநீரகம்: பிற்காலத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால் 32-ஆவது வாரத்திலேயே அறுவை சிகிச்சை மூலம் எடுக்கப்பட்ட உங்கள் மகன் பிறக்கும்போது 1,400 கிராம் இருந்தான் என்றும், இப்போது ஏழு வயதில் மற்ற பிள்ளைகளைப் போலவே ஓடியாடி விளையாடுகிறான் என்றும், ஆனால் எடை குறைவாகப் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீரகம் செயலிழக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டதிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையா, உண்மையென்றால் இப்போதே என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

பிறப்பு எடைக்கும் பிற்காலச் சிறுநீரக நலத்துக்கும் தொடர்பு உண்டு; அது பல நாடுகளில், பல வகை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான தொடர்பு. ஆனால் உங்கள் மகனுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும் என்பது அதன் பொருள் அன்று. எடை குறைவாகப் பிறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறுநீரக நோய் இல்லாமலேயே வாழ்கிறார்கள். அவர்களுடைய சிறுநீரகத்துக்குக் கையிருப்பு சற்றுக் குறைவு. அந்தக் குறைவு வெளியே தெரியாது. தெரியாததால் பிற்காலத்தில் அதைப் பற்றி எந்த மருத்துவரும் கேட்பதில்லை. சிறுநீரக மருத்துவனாக எனக்கு இருக்கும் ஆதங்கமே இதுதான். முப்பது வயதில் இரத்த அழுத்தத்தோடும் சிறுநீரில் புரதக் கசிவோடும் வருகிறவரிடம் அவருடைய பெற்றோருக்கு இருந்த நோய்களையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறோம். அவர் எத்தனையாவது வாரத்தில், எத்தனை கிராமில் பிறந்தார் என்று கேட்டால் பெரும்பாலும் அவருக்கே தெரிவதில்லை.

ஏன் இந்தத் தொடர்பு என்பதைப் புரிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தானாகவே விளங்கும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் வேலையைச் செய்பவை நெஃப்ரான் எனப்படும் நுண்ணிய அலகுகள். ஒவ்வொரு நெஃப்ரானின் தொடக்கத்திலும் குளோமெருலஸ் என்ற மெல்லிய இரத்தக்குழாய் முடிச்சு இருக்கிறது. வடிகட்டல் நடப்பது அங்கேதான். கருவில் ஏறத்தாழ 9-ஆவது வாரத்தில் முதல் நெஃப்ரான்கள் உருவாகத் தொடங்கி, சுமார் 36-ஆவது வாரத்தோடு அந்த உற்பத்தி நின்றுவிடுகிறது. மொத்தத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் கடைசி மூன்று மாதங்களில் உருவாகின்றன. அதன் பிறகு, தோல் புதுப்பித்துக்கொள்வதைப் போலவோ, கல்லீரல் வளர்ந்து ஈடுசெய்துகொள்வதைப் போலவோ, சிறுநீரகத்தால் புதிய நெஃப்ரான்களை உருவாக்கிக்கொள்ள முடியாது. பிறந்தபோது எத்தனை கிடைத்தனவோ அத்தனையை வைத்துத்தான் ஆயுள் முழுவதும் ஓட்ட வேண்டும். வயது ஏற ஏற அவற்றிலும் ஒரு பகுதி இயல்பாகவே குறைந்துகொண்டு வரும்.

இதில் பலருக்கும் தெரியாத செய்தி, அந்த எண்ணிக்கை மனிதருக்கு மனிதர் எவ்வளவு வேறுபடுகிறது என்பது. ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக 9 லட்சம் முதல் 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கும். இறந்தவர்களின் சிறுநீரகங்களை மெல்லிய சீவல்களாக அறுத்து, நுண்ணோக்கியின் கீழ் முறைப்படி எண்ணிப் பார்த்தபோது, சுமார் 2 லட்சம் மட்டுமே இருந்தவர்களும் உண்டு, 25 லட்சத்தைத் தாண்டியவர்களும் உண்டு என்று தெரியவந்தது. உடலின் வேறெந்த உறுப்பிலும் இயல்பு என்று சொல்லப்படுகிற நிலைக்குள்ளேயே பத்து மடங்குக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல, மரபணுக்களுக்கும் பங்குண்டு. ஆயினும் பிறப்பு எடையின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. 2003-இல் வெளியான ஆய்வொன்று, பிறப்பு எடை ஒவ்வொரு கிலோ கூடும்போதும் ஒரு சிறுநீரகத்துக்குச் சராசரியாக 2,57,000 குளோமெருலஸ்கள் கூடுதலாக இருப்பதாகக் கணக்கிட்டது.

இந்தச் சிந்தனைக்கு வித்திட்டவர்கள் இருவர். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் 1911 முதல் மருத்துவச்சிகளும் சுகாதாரப் பணியாளர்களும் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு எடையையும், ஒரு வயது நிறைவின்போதுள்ள எடையையும் பேரேடுகளில் குறித்து வைத்திருந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்தப் பேரேடுகளைத் தேடியெடுத்து, அதில் இருந்த ஆண்கள் பின்னாளில் என்ன நோயால் இறந்தார்கள் என்று ஒப்பிட்டு, எடை குறைவாகப் பிறந்து முதல் ஆண்டிலும் எடை கூடாதவர்களே இதய நோயால் அதிகம் இறந்திருக்கிறார்கள் என்று 1989-இல் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, 1988-இல், பாஸ்டனைச் சேர்ந்த சிறுநீரக அறிஞர் பேரி பிரென்னர் தம் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, பிறவியிலேயே நெஃப்ரான்கள் குறைவாக இருப்பதுதான் பிற்கால இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத் தேய்வுக்கும் ஒரு மூலகாரணம் என்ற கருதுகோளை முன்வைத்திருந்தார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, கருவறையில் நடந்த ஒன்று ஐம்பது ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும் வழி புலப்பட்டது.

பிரென்னரின் கருதுகோளை மனிதர்களில் சோதித்துப் பார்த்த ஜெர்மன் ஆய்வு ஒன்று என் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. 2003-இல் வெளியானது. விபத்தில் இறந்த 35 முதல் 59 வயதுக்குட்பட்ட 20 பேரின் சிறுநீரகங்கள் அதில் ஆராயப்பட்டன. பத்துப் பேர் உயர் இரத்த அழுத்தம் இருந்தவர்கள். மற்ற பத்துப் பேர் அதே வயது, அதே பாலினம், அதே உயரம், அதே எடையோடு அழுத்தம் இயல்பாக இருந்தவர்கள். அழுத்தம் இயல்பாக இருந்தவர்களுக்கு ஒரு சிறுநீரகத்தில் சுமார் 14 லட்சம் குளோமெருலஸ்கள். உயர் அழுத்தம் இருந்தவர்களுக்குச் சுமார் 7 லட்சம். கிட்டத்தட்ட சரிபாதி. அழுத்தத்தால் அவை அழிந்துபோயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அப்படி அழிந்திருந்தால் தழும்பேறிய குளோமெருலஸ்கள் ஏராளமாக எஞ்சியிருக்க வேண்டும். அந்த அளவுக்கு அங்கே இல்லை. எனவே தொடக்கத்திலிருந்தே குறைவாக இருந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் கண்ட விளக்கம். 20 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அதன் பிறகு வந்த சான்றுகளும் பெரும்பாலும் இதே திசையில்தான் செல்கின்றன.

நெஃப்ரான் குறைந்தால் உள்ளே என்ன நடக்கிறது? பத்துப் பேர் சுமக்க வேண்டிய பாரத்தை ஆறு பேர் சுமந்தால் அவரவர் தோளில் இறங்கும் எடை கூடத்தானே செய்யும். இருக்கிற நெஃப்ரான்கள் ஒவ்வொன்றும் அளவில் பெருத்து, உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு, தம் பங்குக்கு மேல் வடிகட்டுகின்றன. அதனால்தான் மொத்த வடிகட்டும் திறன் பல ஆண்டுகள் இயல்பாகவே இருக்கிறது. இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் குளோமெருலஸின் வெளிப்புறத்தைப் போர்த்தி நிற்கும் போடோசைட் என்ற செல்களுக்குப் பிரிந்து பெருகும் ஆற்றல் மிகக் குறைவு. குளோமெருலஸ் பெருக்கும்போது அவை இழுபட்டு, ஒரு கட்டத்தில் பிடிப்பு விட்டு உதிர்கின்றன. உதிர்ந்த இடத்தில் முதலில் அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறது, பிறகு தழும்பு விழுகிறது, அந்த நெஃப்ரான் செயலிழக்கிறது, அதன் வேலையும் மிச்சமிருப்பவற்றின் மேல் விழுகிறது. இதோடு, உப்பை வெளியேற்றும் திறனும் குறைந்திருப்பதால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் குளோமெருலஸ்களை மேலும் நசுக்குகிறது. இந்தச் சுழற்சி மிக மெதுவானது. பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதனால்தான் இடையில் குறுக்கிட்டு அதைத் தடுக்க நமக்கு அவகாசமும் கிடைக்கிறது.

எடை குறைவு என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும் அதற்குள் இரண்டு வேறு நிலைகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 2,500 கிராமுக்குக் கீழே பிறந்தால் எடைக்குறைவு, 1,500-க்குக் கீழே மிகக் குறைவு, 1,000-க்குக் கீழே அதிமிகக் குறைவு. 2020-இல் உலகெங்கும் 1.98 கோடி குழந்தைகள், அதாவது பிறந்தவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர், 2,500 கிராமுக்குக் கீழே பிறந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. இவர்களில் ஒரு சாரார் 37 வாரம் நிறைவதற்குள் பிறந்த குறைமாதக் குழந்தைகள். இன்னொரு சாரார் மாதம் நிறைந்தே பிறந்தும் கருவில் வளர்ச்சி தடைப்பட்டதால் மெலிந்திருப்பவர்கள். நஞ்சுக்கொடி வழியாக வர வேண்டிய இரத்த ஓட்டம் குறையும்போது கருவின் உடல் மூளைக்கு முன்னுரிமை கொடுத்துச் சிறுநீரகத்துக்குப் போகும் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. இரண்டாம் வகையினருக்கு நெஃப்ரான்கள் குறையும் காரணம் அது.

குறைமாதக் குழந்தைகளின் நிலை வேறு. நெஃப்ரான் உற்பத்தி பாதியில் இருக்கும்போதே குழந்தை வெளியே வந்துவிடுகிறது. பிறந்த பிறகும் சுமார் 40 நாட்கள் வரை உற்பத்தி தொடர்கிறது என்பதைப் பிரேதப் பரிசோதனை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது கருவறையின் பாதுகாப்பில் நடப்பதில்லை; செயற்கைச் சுவாசம், நோய்த்தொற்று, நிலையில்லாத இரத்த அழுத்தம், சிறுநீரகத்தை வாட்டக்கூடிய ஜென்டாமைசின், அமிகாசின், இண்டோமெதாசின் போன்ற மருந்துகள் ஆகியவற்றுக்கு நடுவே நடக்கிறது. அப்போது உருவாகும் வெளிப்புற வரிசைக் குளோமெருலஸ்கள் சில குழந்தைகளில் வடிவம் பிசகி இருப்பதும் காணப்பட்டிருக்கிறது. அந்த மருந்துகளைக் கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. உயிரைக் காப்பாற்றியவை அவைதான். கொடுக்கப்பட்டன என்ற விவரம் பிற்காலத்தில் மருத்துவர் கையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் கருத்து. உங்கள் மகன் 32-ஆவது வாரத்தில் பிறந்ததோடு, அந்த வாரத்துக்குரிய சராசரியைவிடவும் எடை குறைவாக இருந்திருக்கிறான். இரத்த அழுத்தம் ஏறிய தாயின் நஞ்சுக்கொடி முழுவீச்சில் ஊட்டம் கொடுக்க முடியாததும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். அதாவது இரண்டு காரணங்களும் ஓரளவு சேர்ந்திருக்கின்றன.

இனி, அபாயம் உண்மையில் எவ்வளவு? 31 ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியான பகுப்பாய்வு, எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம் கூடுதல் என்று காட்டியது. ஸ்வீடனில் 1973 முதல் 2014 வரை பிறந்த 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, 28 வாரத்துக்கும் முன்பே பிறந்தவர்களுக்கு மூன்று மடங்கு என்று 2019-இல் கண்டது. ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டபோதும் வேறுபாடு பெருமளவு நீடித்ததால், குடும்பச் சூழலையோ பரம்பரையையோ மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது.

இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று படித்தால் பயம் வருவது இயல்பு. ஆகவே நார்வேயின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 1967 முதல் 2004 வரை அந்நாட்டில் பிறந்த சுமார் 22 லட்சம் பேரை அதிகபட்சம் 38 வயது வரை தொடர்ந்ததில், டயாலிசிஸோ சிறுநீரக மாற்றோ தேவைப்படும் நிலைக்குச் சென்றவர்கள் 526 பேர். லட்சத்துக்குச் சுமார் 24 பேர். எடை மிகக் குறைந்த பத்து சதவீதத்தினருக்கு அந்த அபாயம் 1.7 மடங்காக இருந்தது. அரிதான ஒன்று 1.7 மடங்கானாலும் அரிதானதாகவே இருக்கும். நாற்பது வயதுக்கு மேல் எண்ணிக்கை கூடும் என்பது உண்மை. ஆனாலும் ஒவ்வொரு குழந்தையையும் வருங்கால நோயாளியாகப் பார்க்க இந்தக் கணக்கில் இடமில்லை. மக்கள்தொகை முழுவதற்கும் பார்க்கும்போது இது பெரிய பிரச்சினை. ஒரு பிள்ளையின் அளவில் பார்க்கும்போது கவனம் மட்டும் தேவைப்படுகிற விஷயம்.

சிறுநீரகத்தைத் தானம் செய்தவர்கள் ஒற்றைச் சிறுநீரகத்தோடு நன்றாகத்தானே வாழ்கிறார்கள், பாதி நெஃப்ரான்கள் போனாலும் ஒன்றும் ஆகவில்லையே என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. தானம் செய்பவர்கள் முழுமையாகச் சோதிக்கப்பட்டு, நலமாக இருக்கிறார்கள் என்று உறுதியான பிறகே தேர்ந்தெடுக்கப்படும் பெரியவர்கள். குறைந்த நெஃப்ரான்களோடு பிறந்தவர், வளரும் உடலின் தேவைக்கு ஈடுகொடுத்தபடியே குழந்தைப் பருவத்திலிருந்து அந்தச் சுமையைத் தாங்குகிறார். ஆனாலும் இந்தக் கேள்வியில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: நெஃப்ரான் குறைவு மட்டும் தனியாக நோயை உண்டாக்குவது அரிது. அதன் மேல் இரண்டாவது அடி விழ வேண்டும். உடற்பருமன், சர்க்கரை நோய், கவனிக்கப்படாத இரத்த அழுத்தம், புகைபிடித்தல், வலி மாத்திரைகள், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த்தொற்று ஆகியவையே அந்த அடிகள். ஆஸ்திரேலியாவின் வடபகுதிப் பூர்வகுடி மக்களிடையே வெண்டி ஹாய் என்ற மருத்துவர் நீண்டகாலமாகச் செய்த ஆய்வுகளில், பிறப்பு எடை குறைந்தவர்களுக்குப் பெரியவர்களான பின் சிறுநீரில் அல்புமின் கசிவது அதிகமாக இருந்தது. உடல் எடை கூடியவர்களிடம் இந்தத் தொடர்பு இன்னும் வலுத்தது. பிறப்பை நம்மால் மாற்ற முடியாது. இரண்டாவது அடியைப் பெருமளவு தடுக்க முடியும்.

உங்கள் மகனுக்கு இப்போது செய்ய வேண்டியது ஆண்டுக்கொரு முறை இரண்டே பரிசோதனைகள். முதலாவது இரத்த அழுத்தம். எல்லாக் குழந்தைகளுக்குமே மூன்று வயதிலிருந்து ஆண்டுதோறும் பார்க்க வேண்டும் என்பதும், மிகக் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் பிறந்தவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்கும் அதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்பதும் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டுதல். நடைமுறையில் குழந்தைகளுக்கு அழுத்தம் பார்ப்பதே அரிதாக இருக்கிறது. நீங்களே கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கையில் சுற்றும் பட்டை குழந்தையின் கைக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா என்று கவனியுங்கள். சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும். பெரியவர்களின் பட்டையைச் சுற்றினால் இருக்கிற அழுத்தம் மறையும். குழந்தை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருந்து, முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் படும்படி இருக்கும்போது எடுப்பதே சரியான அளவு. 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெரியவர்களின் 120/80 என்ற அளவுகோல் பொருந்தாது. வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்த அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். ஒரு முறை கூடுதலாக இருந்தால் பதற வேண்டாம். வெவ்வேறு நாட்களில் மூன்று முறை கூடுதலாக இருந்தால்தான் உயர் அழுத்தம் என்று முடிவு செய்வார்கள்.

இரண்டாவது, காலையில் எழுந்தவுடன் கழிக்கும் முதல் சிறுநீரில் அல்புமினுக்கும், கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதம். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே அல்புமின் இருந்தால் இயல்பு. முதல் சிறுநீர் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது: வளரும் பிள்ளைகள் சிலருக்கு நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும் புரதம் கசியும், படுத்திருக்கும்போது கசியாது, அது கெடுதலில்லாதது. காய்ச்சலின்போதும் கடுமையான விளையாட்டுக்குப் பிறகும்கூடத் தற்காலிகமாகக் கசியும். எனவே அந்த நாட்களைத் தவிர்த்துவிட்டுக் கொடுங்கள். கூடுதலாக வந்தால் மூன்று மாத இடைவெளிக்குள் மீண்டும் பார்த்து உறுதிசெய்த பிறகே அடுத்த கட்டம்.

இரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். அதை மட்டும் நம்பியிருப்பது குழந்தைகளில் ஏமாற்றிவிடும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த குழந்தைக்கு அது இயல்பிலேயே குறைவாக இருக்கும். 120 சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தைக்கு டெசிலிட்டருக்கு 0.8 மில்லிகிராம் என்று வந்தால், பெரியவர்களுக்கான எல்லையை அச்சிட்டிருக்கும் ஆய்வக அறிக்கை அதை இயல்பு என்றே காட்டும். ஆனால் உயரத்தை 0.413-ஆல் பெருக்கிக் கிரியேட்டினினால் வகுக்கும் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் வடிகட்டும் திறன் 62 என்று வரும். 90-க்கு மேல் இருக்க வேண்டியது. அதே குழந்தைக்கு 0.5 என்று வந்திருந்தால் 99. ஆகவே கிரியேட்டினின் பார்க்கப்பட்டால், உயரத்தோடு சேர்த்துக் கணக்கிட்டீர்களா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஸ்கேன் எல்லோருக்கும் ஆண்டுதோறும் தேவையில்லை. இதுவரை ஒரு முறைகூட எடுக்கவில்லையென்றால், இரண்டு சிறுநீரகங்களும் இருக்கின்றனவா, வயதுக்கேற்ற அளவில் வளர்ந்திருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது என்பது என் சொந்தக் கருத்து.

மருந்துகளில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மருந்துகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சரியான அளவில் போதும். வாந்தி, வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றியிருக்கும் நாளில் அந்த வலி மருந்துகளைக் கொடுக்கவே கூடாது. அப்போது தேவைப்படுவது உப்பு-சர்க்கரைக் கரைசல். சிறுநீரகத்துக்கு நல்லது என்று விற்கப்படும் எந்தப் பொடியும் கஷாயமும் நெஃப்ரானைக் கூட்டாது.

உணவில் கட்டுப்பாடு என்று கேட்டால், உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. வளரும் பிள்ளைக்குப் புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள். அந்தத் தவற்றைப் பயத்தால் செய்த பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழந்தைக்கு அதைவிடக் குறைவு. பாக்கெட்டில் அடைத்து வரும் தின்பண்டங்கள்தான் இதில் முதல் எதிரி. அதைவிட முக்கியமானது எடை. மெலிந்து பிறந்த பிள்ளை என்ற பரிவில், பசிக்காத வயிற்றுக்கும் ஊட்டி ஊட்டிக் குண்டாக்கிவிடும் வழக்கம் எங்கும் இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஈடுசெய்யும் வளர்ச்சி தேவை, மூளைக்கும் அது நல்லது. அதற்குப் பிறகு உயரத்துக்கு மிஞ்சி எடை ஏறுவதுதான் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வழிவிடுகிறது. குறைந்த நெஃப்ரான்கள் பெருத்த உடலுக்காக உழைக்க நேரிடுகிறது. உங்கள் மகன் ஓடியாடி விளையாடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எந்தப் பயத்தாலும் தடுத்துவிடாதீர்கள்.

அவன் பெரியவனாகும்போது பரிசோதனைகள் நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. குழந்தை மருத்துவரிடமிருந்து பொது மருத்துவரிடம் மாறும் வயதில்தான் பிறப்பு விவரம் தொலைந்துபோகிறது. பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை நகலெடுத்து, படமெடுத்து, இரண்டு மூன்று இடங்களில் வைத்துவிடுங்கள். அதில் வாரம், எடை, கொடுக்கப்பட்ட மருந்துகள், அப்போது சிறுநீர் குறைந்ததா, கிரியேட்டினின் ஏறியதா என்பவை இருக்கும். பதினைந்து பதினாறு வயதில் அவனிடமே அதைக் கொடுத்து, அச்சுறுத்தாமல் விளக்கிவிடுங்கள். பிற்காலத்தில் அல்புமின் கசிவு தென்பட்டால், குளோமெருலஸுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்து நெஃப்ரானைக் காக்கும் மாத்திரைகள் இப்போதே இருக்கின்றன. முன்கூட்டியே கண்டுபிடிப்பவர்களுக்கு அவை மிகவும் பயன் தருகின்றன. எல்லாம் இயல்பாக இருக்கும்போது எந்த மாத்திரையும் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உங்கள் மகனைப் பற்றி இருக்கிறதே தவிர உங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கர்ப்பத்தில் அழுத்தம் ஏறி, குழந்தையை முன்கூட்டியே எடுக்க வேண்டிய நிலை வந்ததென்றால் அது பெரும்பாலும் ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற பேறுகால நோயாக இருந்திருக்கும். அது வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் உயர் இரத்த அழுத்தமும், இதய நோயும், சிறுநீரக நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் அளவுக்குப் போவது இவர்களிலும் மிக அரிதுதான். ஆனால் உங்கள் சிறுநீரையும் அழுத்தத்தையும் பிரசவத்துக்குப் பிறகு யாராவது பார்த்தார்களா? இல்லையென்றால் மகனை அழைத்துப் போகும் அதே நாளில் உங்களுக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு குழந்தைக்குத் திட்டமிருந்தால் கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் முந்தைய பேறுகாலத்தைப் பற்றிச் சொல்லுங்கள். முன்பு இந்த நோய் வந்தவர்களுக்கு, கர்ப்பத்தின் 16-ஆவது வாரத்துக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவது அது திரும்ப வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. கால்சியம் குறைவாகக் கிடைக்கும் உணவுமுறை உள்ளவர்களுக்குக் கால்சியமும் பரிந்துரைக்கப்படுகிறது. நீங்கள் ஏற்கெனவே அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதன் பெயரை மருத்துவரிடம் காட்டுங்கள். எனாலபிரில், ராமிபிரில், லோசார்டான், டெல்மிசார்டான் போன்றவை கருவின் சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடியவை என்பதால், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே அவற்றுக்குப் பதிலாகக் கர்ப்பத்தில் பாதுகாப்பான வேறு மாத்திரைக்கு மாற்றிக்கொடுப்பார்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.